வருதா, போகுதா?

ஜனவரி 4

தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று துள்ளிக் குதிக்காதே. இது சமாதானக் கடிதம் இல்லை. உன் வீட்டு வாசலில் நடந்ததை நான் மறக்கவில்லை. என் கார் உன் வாசல் தூணில் உரசியது உண்மைதான். ஆனால் புத்தியுள்ள எவனாவது தூணை அந்த இடத்தில் கட்டுவானா? அது போகட்டும். உன் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, "எங்க பாத்துக்கா ஓட்டற? இந்த லட்சணத்துல ஸ்கூல் பஸ் வேற ஓட்டறியா?" என்று கத்தினாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன். சொன்ன சொல்லில் நிற்கிறேன். இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன்.

காரியத்துக்கு வருகிறேன். எனக்கு மறுபடியும் விமானம் ஓட்டவேண்டும். நம் ரிமோட் விமானம்தான். இதைப் பற்றிக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது, இல்லாவிட்டால் உனக்கு எழுதுவேனா? நீ விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். நான் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த நாளோடு ரிமோட்டைக் கீழே வைத்தவள். நம் காலத்தில் பால்சா மரத்தை அறுத்து ஒட்டி, எண்ணெய் குடிக்கிற இஞ்சினை விரலால் சுண்டிக் கிளப்பி, விரலில் அடி வாங்கி, அதற்கப்புறம்தான் பறக்கிற பேச்சு. இப்போது எல்லாம் பேட்டரியாம். போன வாரம் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க அட்டைப்பெட்டி. கடைக்காரர், "பேரனுக்காம்மா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். உடனே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி விமானத்தை எடுத்து நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அதை அங்கேயே பறக்கவிட்டிருப்பேன்.

எனக்கு வேண்டியது இதுதான். நல்ல பெரிய விமானமாக இருக்கவேண்டும். மெதுவாகப் பறக்கவேண்டும். பளிச்சென்று நிறம் வேண்டும். ஓடிக் கிளம்ப சக்கரம் வேண்டும். எங்கள் பள்ளிக்கூட பஸ் ஷெட்டுக்குப் பின்னால் பெரிய மைதானம் சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஈ காக்கா இருக்காது. எதை வாங்கலாம் என்று எழுது.

பதிலை வீட்டு முகவரிக்குப் போடாதே, ஷெட் முகவரிக்குப் போடு. உன் மாமாவிடம் மூச்சு விடாதே. ஃபோனில் பேசும்போது வாய் தவறியும் சொல்லாதே.

அக்கா


ஜனவரி 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் பிழைப்பு தராசு பழுது பார்ப்பது. கடைத் தராசைச் சரிபார்க்கப் போனால், முள்ளைப் பார்க்கும் முன்னால் கடைக்காரர் முகத்தைத்தான் பார்ப்பேன். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். கடிதத்தில் முகம் இல்லையே என்று தவிக்கிறேன்.

தூண் நான் வீடு வாங்கும்போதே அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ வண்டிகள் வந்து போயிருக்கின்றன. குப்பை லாரி உட்பட.

சரி, விமானம். நீ கடையில் அந்தக் குட்டியை வாங்காமல் வந்தது நல்லது. லேசான காற்றே அதைத் தூக்கி வீசிவிடும். ரொம்ப வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற விமானம். தொங்குகிற மாதிரி அமைப்பு, சாய்ந்தாலும் நிதானமாகச் சாயும். இப்போது மரமெல்லாம் இல்லை, எல்லாம் ஃபோம். உடைந்தாலும் பசை போட்டு ஒட்டி, அன்றைக்கே மறுபடி பறக்கவிடலாம். கை தடுமாறினால் தானே நிமிர்ந்துகொள்கிற வசதியும் வந்துவிட்டது. ரிமோட் குச்சியை விட்டுவிட்டால் போதும், விமானம் தானாகச் சமநிலைக்கு வரும். அது இருக்கிறதாகப் பார்த்து வாங்கு. பேட்டரியில் மட்டும் விளையாடாதே. சார்ஜ் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகக்கூடாது. வயிறு வீங்கின மாதிரி உப்பினால் தூக்கிப் போட்டுவிடு.

இனி என் கேள்விகள். ஏன் இப்போது? மாமாவுக்கு ஏன் தெரியக்கூடாது? அதைவிட முக்கியமாக, பளிச்சென்ற நிறம் எதற்கு?

உன் பழைய விமானத்துக்கு என்ன நிறம் பூசியிருந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? சாம்பல். மேகத்தோடு மேகமாகப் போய்விடும். விமான கிளப்பில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எங்கம்மா இருக்கு? ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். "எனக்குத் தெரியுது, போதும்" என்று நீ கழுத்தைத் திருப்பாமலே சொல்வாய். ஆரஞ்சு, மஞ்சள் என்று பூசிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து, "என்ன, கல்யாண வேன் கிளம்பியாச்சா?" என்று கேலி செய்த ஆள் நீ. அந்த ஆளா இன்றைக்கு எனக்குப் பளிச்சென்று வேண்டும் என்று எழுதுகிறது?

மனதில் ஏதோ வைத்துக்கொண்டுதான் கேட்கிறாய். என்ன என்று நேராகச் சொன்னால் சரியான விமானத்தை நேராகச் சொல்வேன்.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

ஒரு விமானம் வாங்க யோசனை கேட்டால் நீ போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாய். தராசு வேலை உன் புத்தியை நன்றாகவே கெடுத்துவிட்டது.

பளிச்சென்ற நிறம் பிள்ளைகளுக்காக. என் பஸ்ஸில் வருகிற பொடிசுகளுக்கு ஒருநாள் பறக்கவிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். சாம்பல் நிறத்தில் காட்டினால் கை தட்டுமா? இதிலெல்லாம் மர்மம் தேடாதே. மாமாவிடம் சொல்லாததற்குக் காரணம், அவருக்கு முதுகுவலி வந்ததிலிருந்து வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் வியாக்கியானம் சொல்கிறார். "இந்த வயசுல பொம்மை ப்ளேனா?" என்று தொடங்கி, "பஸ்ஸையும் விட்டுடு, வீட்ல இரு" என்று முடிப்பார்.

அவரிடம் நீ ஏதாவது உளறினாயா? நேற்று சாப்பிடும்போது, "உன் தம்பி லெட்டரெல்லாம் எழுதறானாமே" என்றார். யார் சொன்னது? ஷெட்டில் எனக்கு வருகிற கடிதம் அவருக்கு எப்படித் தெரியும்? வாட்ச்மேன் சொல்லியிருக்கலாம். நீயும் சொல்லியிருக்கலாம். உன்னைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

அப்புறம் அந்தத் தானே நிமிர்ந்துகொள்கிற விமானம். அது மூன்று சக்கர சைக்கிள்டா! அதை எனக்குச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? தலைகீழாகப் பறக்கவிட்டவள் நான். நீ முதல்முதலாகத் தரையிறக்கியபோது பக்கத்தில் நின்று, "விடு, விடு, இன்னும் கொஞ்சம் விடு" என்று சொன்னதும் நான்தான். என்னைப் பார்த்து உனக்கு இளப்பமாகப் போய்விட்டது. இறக்கை கீழே இருக்கிற மாதிரி, வேகமாகத் திரும்புகிற மாதிரி ஏதாவது சொல்.

நீ மனதுக்குள் என்ன ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தூணையே நினைத்துக்கொண்டிருக்கிறாய். கேட்டுக்கொள். போன ஜூனில் எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை நடந்தது. அட்டையில் இருந்த எழுத்துக்களைக் கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னவள் நான் ஒருத்திதான். டாக்டரே, "சின்ன வயசுக்காரங்களே திணறுறாங்கம்மா" என்றார். வரும் ஜூனிலும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். போதுமா?

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

மாமாவிடம் நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் நீ இவ்வளவு தூரம் பயப்படுவதைப் பார்த்தால் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் விமானம் பறக்காது. அதனால் நானே வாங்கி, நானே பூட்டி, என் வீட்டுப் பக்கத்து மைதானத்தில் பறக்கவிட்டுப் பார்த்து, ஷெட் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். இறக்கை மேலேதான் இருக்கிறது. கீழே வேண்டும் என்றாய். இதை ஓட்டிவிட்டு அதைக் கேள். தானே நிமிர்கிற வசதிக்கு ரிமோட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். மூன்று சக்கர சைக்கிள் உனக்கு ஆகாது என்பதால் அதை அணைத்தே அனுப்பியிருக்கிறேன். உன் தன்மானத்துக்கு ஒரு குறையும் இல்லை.

நிறம் நீ கேட்டபடி பளிச்சென்றுதான். இறக்கையின் மேல்பக்கம் முழுக்க ஆரஞ்சு. அடிப்பக்கம் வெள்ளையில் அகலமான கறுப்புப் பட்டைகள். மூக்கில் மஞ்சள், வாலில் கறுப்பு. இந்தப் பட்டைகளை நானே உட்கார்ந்து ஒட்டினேன்.

கிளம்பும் முன்னால் பழைய வழக்கத்தை மறக்காதே. விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளு. வல இறக்கையின் பின்னால் இருக்கிற மடிப்பு மேலே எழவேண்டும். இடப்பக்கம் தள்ளினால் இடது மடிப்பு. அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரி. ஒவ்வொரு தடவையும் பார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல்முறை பறக்கவிட்ட பிறகு என்ன நடந்ததோ அதை அப்படியே எழுது. கூட்டாதே, குறைக்காதே. எவ்வளவு தூரம் போனது, எப்படித் திரும்பியது, எல்லாம் வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்தக் கண் பரிசோதனை அட்டை உங்கள் ஷெட் அலுவலகத்தில், டீ ஃபிளாஸ்க் வைக்கிற மேஜைக்கு மேலே வருஷம் முழுக்கத் தொங்குகிறது. நான் உன்னைப் பார்க்க வந்தபோது அதன் கீழே உட்கார்ந்துதான் டீ குடித்தேன். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

தம்பி


பிப்ரவரி 14

டேய்,

உன் புத்தியைக் காட்டிவிட்டாயே!

நீ கேட்டபடி கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. காற்றே இல்லை. பின்னால் நின்று குச்சியைத் தள்ளிப் பார்த்தேன், மடிப்புகள் சரியாகத்தான் எழுந்தன. வாட்ச்மேனும், என் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயாவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். கிளப்பினேன். சத்தமே இல்லாமல் திருடன் மாதிரிக் கிளம்பியதுடா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மைதானத்தைச் சுற்றி வந்தேன். இன்னொரு சுற்று வந்தேன். கை எதையும் மறக்கவில்லை. எங்கே எவ்வளவு தள்ளவேண்டும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. ஆயா, "அய்யோ அக்கா, நீங்களா ஓட்டறீங்க?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. அதையும் எழுதிவிடுகிறேன், கேட்டாயே.

மூன்றாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கொஞ்சம் தூரமாகப் போகவிட்டேன். திருப்பினேன். என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. இடப்பக்கமாக ஒதுங்கியதால் வலப்பக்கம் இழுக்கப் பார்த்தேன். எதிரே வருகிற விமானத்தை நமக்கு வலப்பக்கம் கொண்டுவர இடப்பக்கம் தள்ளவேண்டும், அது எனக்குத் தெரியாதா? தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் போனது. இன்னும் தள்ளினேன். சடாரென்று சாய்ந்து, ஷெட்டின் தகரக் கூரையில் போய் விழுந்தது. பழைய இஞ்சினாக இருந்தால் வருகிறதா போகிறதா என்று காதே சொல்லிவிடும். இது ஊமை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

வாட்ச்மேன் ஏணி வைத்து எடுத்துக் கொடுத்தான். இறக்கை அடியோடு பிய்ந்திருக்கிறது. ஆயா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன் ரிமோட்டில்தான் கோளாறு. நடுவழியில் இடத்தை வலமாக மாற்றுகிற மாதிரி ஏதோ செய்து அனுப்பியிருக்கிறாய். இப்போது ரிமோட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் எழுதி வைக்கலாமாமே, கடைக்காரர் சொன்னார். என்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கவேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் இவ்வளவு ஆசையாகப் பார்சல் அனுப்பினாயா? நான் உன் சம்பந்தி முன்னால் எழுந்து போனதற்குப் பழி தீர்த்துக்கொண்டாயா?

எழுது. உண்மையை எழுது.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

உண்மையைத்தான் எழுதப்போகிறேன். கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

ரிமோட்டில் கோளாறு இல்லை. இடமும் வலமும் மாறியிருந்தால் முதல் சுற்றிலேயே விழுந்திருக்கும். நீ அழகாகச் சுற்றி வந்திருக்கிறாய், நீயே எழுதியிருக்கிறாய். கிட்டத்தில் சரியாக இருந்த ரிமோட், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் புத்தி மாறுமா?

நம்மைப் பார்த்து வருகிற விமானம் எதிரே நிற்கிற ஆள் மாதிரி. அவன் இடக்கை நமக்கு வலப்பக்கம். அதனால் நீ இடப்பக்கம் தள்ளியது சரி, அது வந்துகொண்டிருந்தால். அது வரவில்லை அக்கா. நீ திருப்பியதாக நினைத்தது முழுத் திருப்பம் இல்லை. அது உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. போகிற விமானத்தை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம்தான் போகும். நீ இன்னும் தள்ளினாய், இன்னும் போனது. விமானம் நீ சொன்னதைத்தான் செய்தது.

இப்போது கேள். ஆரஞ்சு, கறுப்புப் பட்டை, மஞ்சள் மூக்கு எல்லாம் நான் அழகுக்காக ஒட்டவில்லை. அந்தத் தூரத்தில் அந்த விமானம் வருதா போகுதா என்று எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொல்லிவிட்டார். அவர் வாழ்நாளில் விமானம் ஓட்டியதில்லை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார். ஆமாம், உன்னைச் சோதித்தேன். பளிச்சென்று வேண்டும் என்று நீ எழுதிய அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. "காதே சொல்லிவிடும்" என்று எழுதியிருக்கிறாயே, கண் சொல்லவேண்டியதைக் காது ஏன் சொல்லவேண்டும்? இத்தனை நாள் இஞ்சின் சத்தத்தில் நீ தப்பித்திருப்பாய். இந்த ஊமை விமானம் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

என் வாசல் தூண் இடப்பக்கம் இருக்கிறது. தகரக் கூரையும் இடப்பக்கம். உன் பஸ்ஸில் பிள்ளைகள் ஏறி இறங்குகிற படிக்கட்டு எந்தப் பக்கம் அக்கா?

எனக்கு உன்மேல் பழி எதுவும் இல்லை. பயம்தான். டாக்டரிடம் போ. அந்த அட்டை இல்லாத டாக்டரிடம் போ. போகமாட்டாய் என்றால் உன் பள்ளிக்கூடத்துக்கு நானே ஃபோன் செய்வேன்.

தம்பி


பிப்ரவரி 28

ஃபோன் செய்துதான் பாரேன். அதோடு எனக்குத் தம்பி இல்லை, உனக்கு அக்கா இல்லை.

இந்தப் பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டுகிற ஒரே பெண் நான். சேர்ந்த புதிதில், "இந்தம்மா ரிவர்ஸ் எடுத்துருவாங்களா?" என்று வாசலில் நின்று பந்தயம் கட்டியவர்கள், இன்று தங்கள் பிள்ளைகளை என் பஸ்ஸில்தான் ஏற்றவேண்டும் என்று சண்டை போடுகிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் நான் யார்? கேட்டில் நின்று விசில் ஊதச் சொல்வார்கள். அதற்கு உன் வாசல் தூணாகவே நின்றுவிடலாம்.

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. நீ ஒரு பொம்மையை அனுப்பி அதை வைத்து எனக்குத் தீர்ப்பு எழுதுகிறாய். இனி எழுதாதே.


மார்ச் 3

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது கடைசி என்று வைத்துக்கொள்.

உன் பள்ளிக்கூட நம்பரைத் தேடி எடுத்தேன். ஃபோன் செய்தேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ எடுத்து, "சொல்லுங்க" என்றார்கள். வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. எனக்குத் தரையிறக்கக் கற்றுக்கொடுத்த கையிலிருந்து நான் போய்ச் சாவியைப் பிடுங்குவதா?

ஆனால் சும்மாவும் இருக்கமுடியாது. வருகிற திங்கட்கிழமை கிளம்பி வருகிறேன். காலையில் உன் பஸ்ஸில் ஏறி உனக்குப் பின் சீட்டில் உட்காருவேன். ஆயா இறங்கச் சொன்னாலும் இறங்கமாட்டேன். பிள்ளைகள் சிரித்தாலும் சரி. நீ ஓட்டுகிற வரைக்கும் தினமும் உட்காருவேன். தராசு வேலை கெட்டால் கெடட்டும்.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

பஸ்ஸில் உட்கார வரவேண்டாம். இப்போது அதை வேறு ஆள் ஓட்டுகிறார்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை. வழக்கமான தடம். ரோடு வளைகிற இடத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. வண்டியை நிறுத்தினேன். முன்னால் ரோட்டோரத்தில் மஞ்சள் பையோடு ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தது. ஓடி வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஹாரன் அடித்தேன். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஆயா, "யாருக்குக்கா நிக்கிறோம்?" என்றாள்.

"அதோ வருதே, மஞ்சள் பை."

"அது வரலைக்கா, போகுது. அது நம்ம ஸ்கூல் புள்ளையே இல்ல."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் யோசித்தேன். வருகிறது என்று நினைத்தது போனதால் சிரித்தோம். போகிறது என்று நினைத்து நான் வண்டியை எடுத்து, அது வந்துகொண்டிருந்தால்? இஞ்சினை அணைத்துவிட்டேன். ஷெட்டுக்கு ஃபோன் செய்து தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி மாற்று டிரைவரை வரவழைத்தேன். அன்றைக்கு அத்தனை பிள்ளைகளும் லேட். சாயங்காலம் மேனேஜரிடம் போய் நிஜத்தைச் சொல்லிச் சாவியை மேஜைமேல் வைத்தேன். நான் ஏதோ சம்பள உயர்வுக்காக மிரட்டுகிறேன் என்று நினைத்து, "உக்காருங்க, பேசிக்கலாம்" என்கிறார் அந்த மனிதர். நீ ஃபோன் செய்திருப்பாயோ என்று அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அட்டை விஷயம் நீ சொன்னதுதான். டீ குடித்துக் குடித்து மனப்பாடமாகிவிட்டது. எதிரே வருகிற வண்டியின் விளக்கு இடது கண்ணில் அப்படியே பரவிவிடும், எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். விமானம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அட்டையை மனப்பாடம் செய்யலாம். வானத்தில் போகிறதை மனப்பாடம் செய்யமுடியாது. அதை ஓட்டி இறக்கிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நானே நம்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதிலும் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்தேன். பெரியதாக, மெதுவானதாக, பளிச்சென்று கேட்டேன். நீ கண்டுபிடித்துவிட்டாய், உருப்படாத பயலே.

உன் மாமாவுக்குச் சொன்னேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "எனக்கு எப்பவோ தெரியும், நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, முதுகுவலியோடு என்னை டாக்டரிடம் கூட்டிப்போக ஸ்கூட்டரை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து என்னைச் சோதித்திருக்கிறீர்கள். டாக்டர், இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்கிறார், வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறதாம். முதலில் இடது கண்ணுக்கு ஆபரேஷன், இந்த மாதக் கடைசியில். மறுபடி பஸ் ஓட்டலாமா என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் எனக்குச் சந்தேகம்தான். அதுவரைக்கும் ஷெட்டில் எந்த வண்டி எந்தத் தடம் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. விசில் தரவில்லை, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

உன் வாசல் தூணைப் பற்றி ஒன்று. அது தப்பான இடத்தில் இருக்கிறது என்று இத்தனை மாதமாகச் சாதித்தேன். அன்றைக்கு அங்கே தூண் இருந்ததையே நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வருகிறவன் ஞாயிற்றுக்கிழமையே வா. புது விமானம் எதுவும் வாங்கி வராதே, எனக்கு இதுதான் வேண்டும். பிய்ந்த இறக்கையை என் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன், இப்போது வீட்டில் இருக்கிறது. நல்ல பசையாகக் கொண்டு வா. ஒட்டி, மைதானத்தில் நீ ஓட்டு. நான் பக்கத்தில் நின்று, வருது, போகுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கண் எந்த அளவுக்கு இருக்கிறது என்று எனக்கும் தெரியவேண்டும், ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும். நான் தப்பாகச் சொன்னால் பாவம் அக்கா என்று, சரிதான் சரிதான் என்று தலையாட்டிவிடாதே. உன்னை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஒவ்வொரு தடவை சொன்னதும் உன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன். அது கிட்டத்தில்தானே இருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா